கோட்டைக்குப்பத்துப் பாடும் ஹில்டெ அம்மையார் வீட்டு வைஃபையும்

1

நம் ஊர்ப் படிப்பகத்தின் ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை அனுப்ப வேண்டும் என்று நண்பர்கள் கேட்டிருக்கிறார்கள். பேசிப் பழகியவனை எழுதச் சொல்வது, துடுப்புப் பிடித்தவனைத் தறியில் உட்கார வைப்பது போன்றது. மேடையில் நிற்பவனுக்கு முன்வரிசை முகங்கள் துணை நிற்கும். எங்கே நிறுத்துவது, எங்கே குரலை உயர்த்துவது என்பதை அவையே அவனுக்கு உணர்த்திவிடும். தாளுக்கு முகம் கிடையாது. ஆகவே, பழவேற்காடு ஏரிக்கரையில் கோட்டைக்குப்பத்திலும் தோணிரேவிலும் உள்ள உங்கள் அனைவரையும் எதிரில் அமர்த்திக்கொண்டு, ஒலிபெருக்கி இல்லாமலே தொடங்குகிறேன்.

ஜெர்மனியின் வடகடல் ஓரத்தில் எங்கள் வாழ்க்கை என்றதும் பனியையும் இருட்டையும் எதிர்பார்ப்பீர்கள். இரண்டும் இருக்கின்றன, இரண்டைப் பற்றியும் எனக்குக் குறையில்லை. இன்று காலை நாங்கள் குடியிருக்கும் வீட்டின் ஒப்பந்தத்தை இன்னும் ஓராண்டுக்கு நீட்டித்துக் கையொப்பமிட்டோம். வீட்டு உரிமையாளரான ஹில்டெ அம்மையார், அச்சிட்ட விதிகளுக்குக் கீழே தம் கையால் ஒரு வரி சேர்த்தார்: "இணைய இணைப்பு இவ்வீட்டின் எல்லா அறைகளுக்கும் உரியது." அந்த ஒற்றை வரி எங்கள் வீட்டில் எப்படிப் பிறந்தது என்பதே இன்று நான் எடுத்துக்கொள்ளும் பொருள்.

2

முதலில் வீட்டைச் சொல்லிவிடுகிறேன். ஊரின் விளிம்பில் நிற்கும் பழைய பண்ணை வீடு. செங்கல் சுவர்கள் இரண்டு சாண் கனம். நடுவில், தரைத்தளத்திலிருந்து மாடி வரை எழுந்து நிற்கும் ஓடு பதித்த பெரிய கணப்பு அடுப்பு. இப்போது அதில் நெருப்பு மூட்டுவதில்லை, ஆனால் இடத்தை மட்டும் விட்டுக்கொடுப்பதில்லை. தரைத்தளத்தில் ஹில்டெ அம்மையார் தனியாக இருக்கிறார். கணவர் இல்லை, முழங்கால் மடங்காது. முதல் மாடியில் நாங்கள்: துறைமுகத்து மீன் பதப்படுத்தும் ஆலையில் வேலை பார்க்கும் என் அண்ணன் குமரேசன், தோணிரேவில் பிறந்து எங்கள் வீட்டுக்கு வந்த அண்ணி கஸ்தூரி, அவர்களுடைய மகள் தேன்மொழி, மேற்படிப்புக்காக வந்து ஒட்டிக்கொண்ட நான். கூரைக்கு அடியிலுள்ள அறையில் வெங்கடரமணா. கப்பல் கட்டும் தளத்தில் வெல்டர். ஊர், நம் ஏரிக்கு வடக்கே தெலுங்கு பேசும் தடா பக்கம்.

ஏரியில் எல்லைத் தகராறு மூண்டிருந்தால் எதிரெதிர்ப் படகுகளில் நின்றிருக்க வேண்டியவர்கள், இங்கே ஒரே மாடிப்படியில் செருப்பைக் கழற்றிவிட்டு, ஒரே குளியலறைக்கு வரிசையில் நிற்கிறோம். இந்த நாட்டுக்கு நான் பட்டிருக்கும் நன்றிக் கடன்களுள் இதை முதலாவதாக எண்ணுகிறேன்.

வாடகையில் இணையமும் அடக்கம் என்று ஒப்பந்தம் சொன்னது. ஒப்பந்தம் பொய் சொல்லவில்லை. தரைத்தளத்தில், மாடிப்படிக்கு அடியிலிருந்த கனத்த மர அலமாரிக்குள் வைஃபை பெட்டி இருந்தது. அங்கிருந்து புறப்பட்ட அலை, சுவர்களையும் அடுப்பையும் மோதி, மூன்றே இடங்களில் கரை சேர்ந்தது: மாடிப்படியின் திருப்பத்திலுள்ள மேடை, முதல் மாடிச் சமையலறையின் சன்னலோரம், கூடத்தில் மேலங்கி மாட்டும் ஆணிகளுக்குக் கீழே ஒரு முக்காலி போடுமளவு இடம். மற்ற இடமெல்லாம் வறண்ட திட்டு. கதவு உள்ள எந்த அறையிலும் அலை நுழையவில்லை.

3

குளிர்காலம் பிறந்ததும் சண்டையும் பிறந்தது. மாலையானால் எல்லோருக்கும் இணையம் வேண்டும். அண்ணிக்கு மொழி வகுப்பு, தேன்மொழிக்குப் பள்ளிப் பாடம், எனக்கு ஆய்வு வேலை, அண்ணனுக்கு ஊர்ச் செய்தி, வெங்கடரமணாவுக்கு மனைவியின் முகம்.

"வதினா, ரெண்டே நிமிஷம்" என்பான் வெங்கட், படித்திருப்பத்தில் அமர்ந்தபடி. அண்ணியை அவன் தெலுங்கில் அப்படித்தான் அழைப்பான்.

"உன் ரெண்டு நிமிஷம் எனக்குத் தெரியாதா? நேத்து ரெண்டு நிமிஷம்னு குந்தினவன், உன் பொண்டாட்டி அங்க கொழம்பு கூட்டி எறக்கற வரிக்கும் எழுந்துக்கல."

"கொழம்புல உப்பு கம்மினு சொல்லணும் இல்ல?"

"இங்கருந்து நாக்க நீட்டிப் பாத்தியா?"

சிரிப்பில் தொடங்கியது சில நாள்களில் சிரிப்பில்லாமல் தொடர்ந்தது. ஒருநாள் அண்ணனே வெங்கட்டின் கைப்பேசியைப் பிடுங்கும் நிலைக்குப் போய்விட்டார். அன்றைக்குத்தான் நான் எழுந்து நின்று, கல்லூரி மேடைகளில் தொகுப்புரை வழங்கிய அதே குரலில், ஒரு தீர்மானத்தை முன்மொழிந்தேன். பாடு போடுவோம்.

இம்மலர் ஏரிக்கரை தாண்டியும் வாசிக்கப்படும் என்பதால் ஒரு விளக்கம். நம் ஏரியில், முகத்துவாரத்தை ஒட்டிய இடத்தில் இறால் மிகுதி. தள்ளிப் போகப் போகக் குறைவு. வலுத்தவன் நல்ல இடத்தைப் பிடித்துக்கொண்டால் இளைத்தவன் வீட்டில் உலை எரியாது. எனவே நம் முன்னவர்கள் மீன்பிடி இடங்களைப் பிரித்து, சீட்டுப் போட்டு, முறை வைத்தார்கள். இன்று நல்ல இடம் கிடைத்தவனுக்கு நாளை சுமாரான இடம். இன்று சுமாரான இடத்தில் நின்றவன் நாளை முகத்துவாரத்துக்கு நகர்வான். அந்த முறைக்குப் பெயர் பாடு. எங்கள் நைனா தம் பாட்டுக்குரிய நாளில் யார் இடத்துக்கும் ஆசைப்பட்டு நான் கண்டதில்லை.

"ஏமய்யா, ஜெர்மனிக்கு வந்தும் பாடேனா?" என்று வெங்கட் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "எங்க பக்கமும் அதே பாடுதான். செரி, ஒத்துக்கறேன். ஆனா கோட்டக்குப்பத்துக்காரன் சீட்டு எடுத்தா நம்ப மாட்டேன். பாப்பா எடுக்கட்டும்."

தேன்மொழி சீட்டெடுத்தாள். ஞாயிறுதோறும் மாலையில் ஐந்து சீட்டுகள். மூன்று இடங்கள், இரண்டு ஓய்வு. நாளுக்கு நாள் இடம் மாறும். அந்தக் குளிர்காலம் முழுவதும் எங்கள் வீட்டில் இணையத்துக்காக ஒரு குரலும் உயரவில்லை என்பதைப் பெருமிதத்துடன் பதிவு செய்கிறேன். கப்பல் தளத்து வெல்டரும், ஆலைத் தொழிலாளியும், பள்ளிச் சிறுமியும் ஒரே தட்டில் நிறுக்கப்பட்ட ஓர் ஆட்சியை நான் நிறுவினேன் என்று அப்போது எண்ணியிருந்தேன். இப்போதும் பெரும்பாலும் அப்படியே எண்ணுகிறேன்.

தேன்மொழியைப் பற்றி இங்கே ஒன்று. நாங்கள் தமிழில் கேட்டால் அவள் ஜெர்மனில் விடை சொல்கிறாள். கனவும் அம்மொழியில்தான் வருகிறதாம். அண்ணனுக்கு அதில் வருத்தம் உண்டு. ஆனால் அந்தக் குளிர்காலத்தில் அவளுடைய ஆசிரியை எங்களிடம் ஒன்று கேட்டார்: பள்ளித் திடலில் ஊஞ்சலுக்கு முறை வைக்கும்போது பிள்ளைகள் எல்லோரும் "பாடு, பாடு" என்று கத்துகிறார்களே, அது என்ன சொல்? அண்ணன் அன்று இரவு இரண்டு பங்கு சோறு உண்டார்.

4

ஊருக்குப் பேசும்போது நைனாவிடம் இதைச் சொன்னேன்.

"பாடு போட்டீங்களா! யார் யாருக்கு?"

"அஞ்சு பேருக்கு நைனா. அண்ணிக்கும் தேன்மொழிக்கும் சேத்து."

"பொம்பளைக்குப் பாடா? டேய், கிராமத்துல யார்கிட்டயும் சொல்லிக்கினு திரியாத. நாளைக்கே உங்கம்மா வந்து கேப்பா."

பின்னாலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "கேட்டா இன்னாவாம்? எறாலு கூடைய தலைல சொமந்து விக்கறது நானு. பாடு மட்டும் உனுக்கா?"

"பாத்தியா, ஆரம்பிச்சிட்டா."

அண்ணி கைப்பேசியை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார். "மாமா, நீங்க தைரியமா சொல்லுங்க. பொறந்த ஊட்லயும் வரல, வந்த ஊட்லயும் வரல. எனக்கு மொத பாடு இங்கதான் வந்துகீது."

நகைச்சுவையாகத்தான் சொன்னார். ஆயினும், நம் ஏரியில் பாடு ஆண்களுக்கு மட்டுமே உரியது என்பதைப் பற்றி எத்தனையோ மேடைகளில் எதையெதையோ பேசிய நான் ஒருமுறையும் பேசியதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. பேச வேண்டிய தலைப்பு அது. இந்த மலர் வழியே அதை உங்கள் முன் வைக்கிறேன்.

5

இனி, எங்கள் ஆட்சி ஆட்டங்கண்ட கதை.

அண்ணி இங்கே அண்ணனின் மனைவி என்ற தகுதியில்தான் தங்கியிருந்தார். அரசாங்கத் தாள்கள் எல்லாவற்றிலும் அவர் பெயர் அண்ணன் பெயருக்குப் பின்னால்தான் வரும். முதியோர் இல்லத்தில் பராமரிப்புப் பயிற்சிக்கு இடம் கிடைத்தால், அவர் பெயரிலேயே ஒரு தங்கும் அனுமதி, அவர் பெயரிலேயே ஒரு சம்பளம். அதற்காக அவர் பல இல்லங்களுக்கு விண்ணப்பித்திருந்தார். சிலர் மொழி போதாது என்று எழுதினார்கள், சிலர் எழுதவேயில்லை. அவ்வாண்டுக்கு எஞ்சியிருந்தது ஒரே ஓர் இல்லம். அவர்கள் காணொளியில் நேர்காணல் வைத்தார்கள். நிபந்தனைகள் தெளிவாக இருந்தன: மூடிய அறை, விண்ணப்பதாரர் மட்டும், அறுபடாத இணைப்பு. இணைப்பு அறுந்தால் அடுத்தவருக்குச் சென்றுவிடுவோம்.

ஞாயிறு மாலை சீட்டெடுத்தோம். நேர்காணல் நாளில் படித்திருப்பம், வீட்டிலேயே சிறந்த இடம், அண்ணிக்கே விழுந்தது. நான் கைதட்டினேன். அண்ணி தட்டவில்லை.

"பாடு வந்துச்சி தம்பி. கதவு வரலியே."

ஆம். மூன்று இடங்களில் ஒன்றுக்கும் கதவில்லை. படித்திருப்பத்தில் யார் வேண்டுமானாலும் ஏறுவார்கள், இறங்குவார்கள். கீழே ஹில்டெ அம்மையாரின் தொலைக்காட்சி வீடே அதிர முழங்கும். அண்ணியின் படுக்கையறைக்குக் கதவு உண்டு, அலை இல்லை.

முதலில் இணைய நிறுவனத்தை அழைத்தேன். மனிதர் எடுக்கவில்லை, இயந்திரம் எடுத்தது. குறையைச் சொல்லுங்கள் என்றது. நான் துணைவாக்கியங்களுடன் அமைந்த, வினைச்சொல் முறைப்படி இறுதியில் நிற்கும், பிழையற்ற ஜெர்மன் வாக்கியம் ஒன்றைச் சொன்னேன். புரியவில்லை என்றது. திருத்திச் சொன்னேன். புரியவில்லை என்றது. அண்ணி கைப்பேசியைப் பிடுங்கி, பழுது என்பதற்கான ஒற்றை ஜெர்மன் சொல்லோடு, "இன்டர்நெட் கபூட்!" என்று கத்தினார். உடனே இணைத்துவிட்டது. எடுத்த மனிதர் மிகவும் மரியாதையாகச் சொன்னார்: வீட்டு வாசல் வரை எங்கள் இணைப்பு நலமாக இருக்கிறது, வீட்டுக்குள் அது படும் பாடு உங்கள் வீட்டுக்காரரின் பொறுப்பு.

பின்னர் அலையைப் பெருக்கும் சிறு கருவி ஒன்றை வாங்கிவந்து அண்ணியின் அறையில், கட்டிலுக்குப் பக்கத்தில் செருகினேன். சிவப்பு விளக்கு எரிந்தது. அணைத்துப் போட்டேன். மறுபடியும் சிவப்பு.

கதவில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்த வெங்கட் கேட்டான்: "காலி தொன்னைக்குப் பக்கத்துல இன்னொரு காலி தொன்னைய வெச்சா பாயசம் வந்துடுமா?"

அவன் சொன்னது சரி. வந்து சேரும் அலையைத்தான் அக்கருவி பெருக்கும். வராத அலையை எதைக் கொண்டு பெருக்கும்? அதைப் பாதிவழியில், படித்திருப்பத்தில் வைத்தோம். அண்ணியின் அறையில் ஒரு கோடு தெரிந்தது, கணப்பு அடுப்பைத் தாண்டி மூச்சு வாங்க வந்து நின்ற ஒரே ஒரு கோடு. சோதனைக்காக அண்ணன் ஆலையிலிருந்து அழைத்தார். அவர் முகம் வாய் திறந்தபடி உறைந்து நின்றது.

"இந்த மூஞ்சிக்கா என்னைக் கட்டி வெச்சாங்க?" என்றார் அண்ணி. பிறகு சிரிக்காமல், திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "தம்பி, அங்கயும் நான் இப்படித்தான் தெரிவேனா? இப்படி நின்னுட்டேன்னா அடுத்த ஆளுக்குப் போய்டுவாங்க, இல்ல?"



6

மிஞ்சியிருந்தது ஒரே வழி: ஹில்டெ அம்மையாரிடம் கேட்பது. எழுத்துவழி இசைவின்றிச் சுவரில் ஆணியும் அடிக்கக் கூடாது என்று ஒப்பந்தம் சொன்னது. ஆகவே ஓர் உரையைத் தயாரித்தேன். முன்னுரை, மூன்று வாதங்கள், எதிர்வாதத்துக்கு மறுப்பு, முடிவுரை. அம்மையார் காப்பி அருந்தும் வேளையில் அண்ணியையும் அழைத்துக்கொண்டு கீழே சென்று, நின்றபடியே தொடங்கினேன். "பெருமதிப்பிற்குரிய அவைத்தலைவர் அவர்களே" என்பதை ஜெர்மனில் எப்படிச் சொல்வார்களோ அப்படிச் சொன்னேன். அம்மையார் தமக்குப் பின்னால் வேறு யாராவது இருக்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார்.

இரண்டாம் வாதத்தின் நடுவில் கையை உயர்த்தினார். "பெட்டியை அலமாரிக்குள் வைத்தவள் நான்தான். அந்தப் பச்சை விளக்கு கண்ணடிப்பது எனக்குப் பிடிக்கவில்லை. வெளியே எடுத்தாலே கொஞ்சம் சரியாகுமே. இலையுதிர் காலத்திலேயே ஏன் சொல்லவில்லை?"

அண்ணி தம் தட்டுத்தடுமாறும் ஜெர்மனில் விடை சொன்னார்: "நாங்கள் பங்கு போட்டோம்."

"எதை?"

சீட்டையும் முறையையும் விளக்கினோம். அம்மையார் நெற்றியில் கைவைத்துக்கொண்டார். ஞாயிறுதோறும் நாங்கள் சூதாடுகிறோம் என்றும், வாராவாரம் முகம் வாடிப்போகும் ஒருவர் சம்பளத்தை இழக்கிறார் என்றும் அவர் கவலைப்பட்டுக்கொண்டிருந்தாராம்.

அந்தக் கேள்வியை நான் பலநாள் எண்ணிப் பார்த்தேன். ஏன் சொல்லவில்லை? ஐந்து பேரில் ஒருவருக்கும் அந்த அலமாரியைத் திறக்கத் தோன்றவில்லை. நம் முகத்துவாரம் தானாக நகரும், சில ஆண்டுகளில் மணல் ஏறி அடைபடும், மறுபடி திறக்கும். அது கடலின் விருப்பம். அது எங்கே இருக்கிறதோ அங்கே நாம் செல்வோம். நமக்குள் முறை வைத்துக்கொள்வோம். அலை பிறக்கும் இடத்தையே தூக்கி வேறிடத்தில் வைக்கலாம் என்ற எண்ணம் ஏரியில் வளர்ந்தவனுக்கு எங்கிருந்து வரும்? ஏரியின் இரு கரையைச் சேர்ந்தவர்களும் சேர்ந்து செய்த பிழை அது. இருப்பதை நேர்மையாகப் பங்கிடக் கற்ற நமக்கு, இருப்பதைப் பெருக்கிக் கேட்கவும் ஒரு பழக்கம் வேண்டும்.

பெட்டியை வெளியே எடுத்தோம். கீழ்த்தளம் நிறைந்தது, படித்திருப்பம் வழிந்தது. ஆயினும் அண்ணியின் அறைக்கும் பெட்டிக்கும் இடையில் அந்த அடுப்பும் சுவரும் அசையாமல் நின்றன. கம்பி இழுத்தால்தான் தீரும். துளை போடாமல் எப்படி இழுப்பது?

அம்மையார் தடியை ஊன்றி எழுந்தார். கூடத்து மூலையில் ஒரு சிறு மரக்கதவைத் தடியால் தட்டிக் காட்டினார். மாடிகளிலிருந்து அழுக்குத் துணியைக் கீழே போடுவதற்கென்று, வீடு கட்டியபோதே வைத்த குழாய். கூரை அறையிலிருந்து தரைத்தளம் வரை, ஒவ்வொரு தளத்திலும் ஒரு வாய். சலவை இயந்திரம் வந்த பிறகு யாரும் தொடவில்லை. எங்கள் தளத்தில் அதன் மேல்தான் நாங்கள் அரிசிப் பெட்டியைச் சாய்த்து வைத்திருந்தோம்.

நேர்காணலுக்கு நாள் நெருங்கிவிட்டதால், கம்பியை அண்ணியின் அறை வரை மட்டும் இழுத்து நிறுத்தலாம் என்றேன். மற்றவர்களுக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

"எனக்கு மட்டும் இன்னாத்துக்கு?" என்றார் அண்ணி.

"நேர்காணல் உங்களுக்குத்தானே அண்ணி?"

"நேத்து வரிக்கும் எல்லாருக்கும்னு மேடையில நின்னவன் யாரு? மேல வெங்கட்டுக்கும் வுடு. கீழ அம்மாவுக்கும் சமையகட்டு வரிக்கும் வுடு. நான் மட்டும் கதவ சாத்திக்கினு உள்ள குந்திக்கினா அது இன்னா பாடு?"

நேரம் போதாது என்றேன். கருவிகள் கூடுதலாக வேண்டும் என்றேன். முதன்மையானதை முதலில் முடிப்பதே அறிவுடைமை என்றேன். அண்ணி அரிசிப் பெட்டியை நகர்த்தத் தொடங்கிவிட்டார். நான் தோற்ற வாதங்கள் மிகச் சில. அவற்றுள் தோற்றதற்காக மகிழ்வது இது ஒன்றே.

சனிக்கிழமை வேலை தொடங்கியது. வெங்கட் கூரை அறையிலிருந்து நூலில் ஒரு கனத்த இரும்புத் திருகைக் கட்டிக் குழாய்க்குள் இறக்கினான். எங்கள் தளத்துக்கும் கீழ்த்தளத்துக்கும் இடையில் அது சிக்கி நின்றது. வெங்கட் மேலிருந்து வெட்டி இழுத்தான்.

"இழுக்காதடா!" என்று கத்தினார் அண்ணன். "வலை கிளிஞ்சல் மேட்டுல மாட்டுனா இழுப்பியா? அறுந்துடும். தளர வுடு. தளர வுட்டு ஆட்டு."

"எங்க பக்கத்துல இழுப்போம்."

"அதனாலதான் உங்க பக்கத்துல வலை வேவாரம் நல்லா நடக்குது."

தளர விட்டு ஆட்டினான். திருகு விடுபட்டுக் கீழே விழுந்தது; கூடவே, வளைவில் எத்தனை ஆண்டுகளாகவோ சிக்கிக்கிடந்த ஒரு கட்டம் போட்ட மேசை விரிப்பும் தூசிப் புயலுடன் விழுந்தது. ஹில்டெ அம்மையார் அதை எடுத்து உதறி, சுவரிலிருந்த கணவரின் படத்துக்கு முன் தூக்கிப் பிடித்தார். "பார்! நான் தொலைக்கவில்லை!"

நூலின் வழியே கம்பி ஏறியது. தளத்துக்கு ஒரு சிறு பெட்டி வைத்தோம். மூன்றுக்கும் ஒரே பெயர், ஒரே கடவுச்சொல். வீட்டில் நடப்பவரை ஒரு பெட்டி அடுத்த பெட்டியிடம் ஒப்படைத்துவிடும். அந்த வலைக்குப் பழவேற்காடு என்று பெயரிடலாம் என்றேன். ஏரியில் பாதி தங்களுடையது என்று வெங்கட் மறுத்தான். தேன்மொழி இருவரையும் கேட்காமல் "ஏரி" என்று தட்டிவிட்டாள், தமிழில்.

7

நேர்காணல் நாள். அண்ணி தம் அறைக்குள் சென்று கதவைச் சாத்திக்கொண்டார். எங்கள் கைப்பேசிகள் அனைத்தையும் அணைத்துவிட்டோம். யாரும் கேட்காமலே வெங்கட் தன்னுடையதை முதலில் அணைத்தான். ஹில்டெ அம்மையார் தொலைக்காட்சியை நிறுத்தினார். நான், அண்ணன், வெங்கட், தேன்மொழி நால்வரும் படிகளில் வரிசையாக அமர்ந்தோம். அவ்வீடு அவ்வளவு அமைதியாக இருந்ததை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

கதவுக்கு அப்பால் அண்ணியின் குரல் சிறுசிறு வாக்கியங்களாக வந்தது. நான் மனப்பாடம் செய்வித்த விடைகளில் ஒன்றையும் அவர் சொல்லவில்லை. முன் அனுபவம் உண்டா என்று நேர்காணல் நடத்திய பெண்மணி கேட்டது தெளிவாகக் கேட்டது. அண்ணி சொன்னார்: "தினமும் காலையில் காலுறை போடுகிறேன்."

அண்ணன் என் தொடையைக் கிள்ளினார். "இன்னா சொல்றா?"

"இருங்கண்ணே."

"யாருக்கு?" என்றார் அந்தப் பெண்மணி.

"கீழே இருக்கும் அம்மாவுக்கு. இறுக்கமான காலுறை. ரத்தம் நன்றாக ஓட. அவர் குனிய முடியாது."

உண்மை அது. நாங்கள் குடிவந்த முதல் மாதத்திலிருந்தே, சோறு வடித்து வைத்துவிட்டு அண்ணி கீழே சென்று, ஹில்டெ அம்மையாரின் வீங்கிய கால்களில் அந்த இறுக்கக் காலுறைகளை ஏற்றிவிட்டு வருவார். அதை ஓர் அனுபவம் என்று விண்ணப்பத்தில் எழுத எனக்குத் தோன்றியதில்லை. அண்ணிக்கும் அதுவரை தோன்றவில்லை.

"அவரை நான் பார்க்கலாமா?" என்று கேட்டது குரல்.

கதவு திறந்தது. மடிக்கணினியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அண்ணி வெளியே வந்தார். நாங்கள் படியில் ஒதுங்கி, சுவரோடு சுவராக ஒட்டினோம். அவருடைய அறை வரை மட்டும் கம்பி இழுத்திருந்தால், அந்த வாசற்படியிலேயே அவர் முகம் உறைந்து நின்றிருக்கும், அடுத்தவருக்குப் போயிருப்பார்கள். அண்ணி அடுப்பைக் கடந்தார். படித்திருப்பத்தில் திரை ஒருகணம் கலங்கியது. அண்ணன் கண்களை மூடிக்கொண்டார். பிறகு அந்தப் பெண்மணியின் குரல், இடையறாமல், "மெதுவாக இறங்குங்கள், விழுந்துவிடாதீர்கள்" என்று சொல்வது கேட்டது.

கீழே ஹில்டெ அம்மையார் நாற்காலியில் நிமிர்ந்து அமர்ந்திருந்தார். நாங்கள் அனைவரும் பின்தொடர்ந்து, திரையில் தெரியாதபடி வாசலில் நின்றோம். அம்மையார் தம் காலை உயர்த்திக் காட்டினார். சுருக்கமில்லாமல், குதிகால் குதிகாலில் பொருந்தி, காலுறை இருந்தது.

"இவர் மொழி எப்படி?" என்று அப்பெண்மணி கேட்டார்.

"சுமார்" என்றார் அம்மையார். "பேச்சு வேண்டுமென்றால் அந்தப் பையனை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கம்பிக்காக என் காப்பி ஆறிப்போகும் வரை பேசினான். இவள் பேசுவதில்லை. ஆனால் என் கால் வலிக்கும்போது நான் சொல்வதற்கு முன்னால் இவளுக்குத் தெரியும்."

மேடைகளில் நான் வாங்கிய பாராட்டுகள் பல. ஒரு நேர்காணலில் அண்ணிக்குச் சான்றாக நிறுத்தப்பட்ட இந்த இகழ்ச்சியை அவற்றுக்கு மேலே வைக்கிறேன். அந்த அம்மையாருக்கு என் நன்றி.

திரையில் அப்பெண்மணி சிரித்தார். சற்றுக் குனிந்து ஏதோ எழுதினார். பிறகு அண்ணியைப் பார்த்து நிதானமாகச் சொன்னார்: பயிற்சி செப்டம்பரில் தொடங்கும், தாள்கள் இந்த வாரமே அனுப்பப்படும், பயிற்சிக் காலத்தில் காலைப் பணி ஆறு மணிக்கு, அது முடியுமா?

அண்ணி குனிந்து அந்தக் காலுறையைப் பார்த்தார். ஆறு மணிக்கு அங்கே இருக்க வேண்டுமென்றால் ஹில்டெ அம்மையாரின் கால்களுக்கு யார் காலுறை போடுவது என்று அவர் எண்ணுவதை அந்த அறையில் இருந்த எல்லோரும் கண்டோம். அவர் அம்மையாரின் முகத்தைப் பார்த்தார். அம்மையார் தம் கால்களைப் பார்த்தார். பிறகு தடியைத் தரையில் ஒருமுறை ஊன்றி, திரையை நோக்கி ஏதோ சொன்னார்.

அண்ணன் என் தோளை உலுக்கினார். "இன்னாடா சொல்றாங்க? இன்னா சொல்றாங்க?"

நான் மொழிபெயர்க்க வாயெடுத்தேன். அண்ணி முந்திக்கொண்டார். கண்ணைத் துடைக்கக் கையில்லாமல், மடிக்கணினியைப் பிடித்தபடியே, வாசலைப் பார்த்துத் தமிழில் சொன்னார்:

"அப்போ நான் நாலரைக்கே எழுந்துக்கறேன்னு அம்மா சொல்றாங்க."